டெஸ்க்டாப் மென்பொருளை விட்டு இணையச் செயலிகளுக்கு மாறுவது எப்படி? வேலூர் வட்டாரச் சிறு அலுவலகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. ஆஃபீஸ் 2016, ஆஃபீஸ் 2019 ஆகிய தொகுப்புகளுக்கும் அதே நாளோடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு கணினியில் இருக்க வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. வேலூர் லாங் பஜாரின் மொத்தக் கடைகள், ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் வியாபார அலுவலகங்கள், குடியாத்தத்துக் கைலி வியாபாரிகள், ஆரணியின் பட்டுக் கடைகள், ஆற்காட்டு ஆவண எழுத்தர்கள் என்று பழைய வட ஆர்க்காடு முழுவதும் சிறு அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்புகளில் பல இந்தத் தகுதியை எட்டாதவை.

அவற்றைக் கழித்துவிட்டுப் புதிய கணினி வாங்குவது ஒரு வழி. கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மென்பொருள்களைக் குறைத்து, உலாவிக்குள்ளேயே இயங்கும் இணையச் செயலிகளுக்கு வேலையை மாற்றி, பிறகு அதே பழைய கணினியில் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போன்ற இலவசமான, மேகத்தை (கோப்புகளை இணையத்தின் வழியே தொலைவிலுள்ள சர்வர்களில் வைக்கும் முறையை) சார்ந்த இயங்குதளத்தை ஏற்றிக்கொள்வது இன்னொரு வழி. இந்தக் கட்டுரை இரண்டாம் வழிக்கானது. இரண்டு முதல் பத்துக் கணினிகள் வரை உள்ள, தனியாகக் கணினிப் பொறியாளர் யாரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளாத அலுவலகத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள்

இந்த மாற்றத்தில் வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பலர் முதல் நாளே ஹார்ட் டிஸ்க்கை அழித்துப் புதிய இயங்குதளத்தை ஏற்றிவிடுகிறார்கள். மறுநாள் டாலி கணக்கு மென்பொருள் திறக்கவில்லை, பிரின்டர் அசையவில்லை, பத்து வருடத்துத் தமிழ்க் கடிதங்கள் படிக்க முடியாத எழுத்துகளாகத் தெரிகின்றன என்று தெரிந்ததும் மனம் வெறுத்து விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். இதில் இயங்குதளத்தின் குற்றம் எதுவுமில்லை. வேலையை நகர்த்தாமல் கணினியை மட்டும் நகர்த்தியதுதான் காரணம்.

இணையச் செயலிகள் விண்டோஸ் கணினியிலும் அப்படியே இயங்கும் என்பது இதில் நமக்குள்ள பெரிய வசதி. இப்போதுள்ள கணினியில், இப்போதுள்ள விண்டோஸிலேயே, குரோம் அல்லது எட்ஜ் உலாவியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையாக அதற்குள் கொண்டுவரலாம். ஒரு மாதக் கணக்கு முடிப்பையும் ஜிஎஸ்டி தாக்கலையும் முழுக்க உலாவிக்குள்ளேயே செய்து முடித்த பிறகு இயங்குதளத்தைத் தொட்டால், அன்றைக்கு மாறுவது திரையின் தோற்றம் மட்டும்தான்.

முதற்படி: ஒரு வாரக் கணக்கெடுப்பு

ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் ஒரு நோட்டை வைத்து, அதில் உட்காருபவர் எந்த மென்பொருளைத் திறந்தாலும் அதன் பெயரையும், எதற்காகத் திறந்தார் என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் நாள் அந்த வாரத்துக்குள் வருமாறு பார்த்துக்கொண்டு, மாதக் கடைசி வேலைகளைத் தனியாகச் சேர்த்து எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை மட்டும் தேவைப்படும் மென்பொருள் கணக்கில் வராமல் போய்விடும். கணினியோடு ஒயரில் இணைந்திருக்கும் கருவிகளையும் எழுதுங்கள்: பிரின்டர், ஸ்கேனர், பார்கோடு கருவி, கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பில் அடிக்கும் தெர்மல் பிரின்டர்.

வாரக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் ஏற்கெனவே பாதி வேலை உலாவியில்தான் நடக்கிறது என்பது தெரியவரும். ஜிஎஸ்டி தளம், இ-வே பில், வங்கிப் பரிமாற்றம், பத்திரப்பதிவுத் துறையின் வில்லங்கச் சான்று, பட்டா சிட்டா, ரயில் டிக்கெட், வாட்ஸ்அப் வெப் எல்லாமே உலாவிக்குள் நடப்பவை. மிச்சமிருப்பவை பெரும்பாலும் நான்கே வகைக்குள் அடங்கும்: கடிதமும் எக்செல்லும், கணக்கு மென்பொருள், தமிழ்த் தட்டச்சு, வடிவமைப்பு.

இரண்டாம் படி: மாற முடியாதவற்றை முதலிலேயே ஒதுக்குங்கள்

எல்லாக் கணினியையும் மாற்றியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். கீழ்க்காணும் வேலைகள் உள்ள அலுவலகம் ஒரு விண்டோஸ் கணினியையாவது வைத்துக்கொள்வதுதான் சரி.

டிஜிட்டல் கையொப்பம் அவற்றில் முதலாவது. கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாகவோ) பதிவு செய்த நிறுவனம் ஜிஎஸ்டி தளத்தில் யுஎஸ்பி டோக்கன் வழியாகக் கையொப்பமிட்டே தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கையொப்பம் உலாவிக்குள் சேர, கணினியில் தனியாக நிறுவ வேண்டிய உதவி மென்பொருள் ஒன்று தேவை. குரோம் ஓஎஸ்ஸில் அதை நிறுவ வழியில்லை. தனிநபர் உரிமையாளரும் கூட்டாண்மை நிறுவனமும் மொபைலுக்கு வரும் ஓடிபி மூலமாகவே தாக்கலை முடித்துவிடலாம் என்பதால் அவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே உங்கள் நிறுவனத்தின் பதிவு எந்த வகை என்பதே முதல் கேள்வி. வரி ஆலோசகர் அலுவலகம் என்றால் விண்டோஸ் கணினி ஒன்று கட்டாயம் வேண்டும். வருமானவரி, டிடிஎஸ் தாக்கலுக்கான ஆஃப்லைன் மென்பொருள்களும் அங்கேதான் இயங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஆதார் கைரேகைக் கருவி. இ-சேவை மையங்களும் பொதுச் சேவை மையங்களும் பயன்படுத்தும் கைரேகைக் கருவிகளுக்கான சேவை மென்பொருள் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் எழுதப்பட்டது. குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸில் ஆண்ட்ராய்டு செயலிகளும் இயங்காது. எனவே சேவை மையம் நடத்துபவர் கைரேகை வைக்கும் கணினியை விட்டுவிட்டு, விண்ணப்பம் தட்டச்சு செய்யும் மற்றக் கணினிகளை மட்டும் மாற்றலாம்.

மூன்றாவது, பழைய பிரின்டர்கள். நம் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் நிறையக் காணப்படும் கேனான் எல்பிபி 2900 போன்ற சிறிய லேசர் பிரின்டர்களுக்கு அவற்றுக்கே உரிய டிரைவர் தேவை. குரோம் ஓஎஸ்ஸில் தயாரிப்பாளரின் டிரைவரை நாமாக நிறுவ முடியாது. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் கார்பன் பில் அடிப்பவர்கள் டெக்ஸ்ட் முறையில் கிடைக்கும் அந்த வேகத்தை உலாவியிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். வைஃபை வழியே டிரைவர் இல்லாமலே மொபைலிலிருந்து அச்சிடக்கூடிய பிரின்டர் உங்களிடம் இருந்தால் அது பெரும்பாலும் இங்கேயும் ஒழுங்காக வேலை செய்யும். பழைய பிரின்டரையே வைத்துக்கொள்ள விரும்பினால், அதை ஒதுக்கி வைத்த விண்டோஸ் கணினியில் மாட்டிவிட்டு, கூகுளின் இணையச் சேமிப்பிடமான டிரைவில் ‘அச்சுக்கு’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அச்சிட வேண்டியதை மற்றவர்கள் பிடிஎஃப் ஆக்கி அதில் போடச் சொல்லலாம். சுற்றுவழிதான் என்றாலும் மூன்று நான்கு பேர் உள்ள அலுவலகத்தில் இது தடங்கலின்றி நடக்கும்.

மூன்றாம் படி: கணக்கு யார் பெயரில்?

இந்தப் படியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எனக்கோ இதுதான் மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியமாகப் படுகிறது. டெஸ்க்டாப்பில் கோப்பு இருந்தவரை, கணினி யாருடையதோ கோப்பும் அவருடையது. மேகத்தில், எந்த மின்னஞ்சல் கணக்கில் கோப்பு உருவானதோ அந்தக் கணக்கே அதன் உரிமையாளர். கணக்கெழுதும் பையன் தன் சொந்த ஜிமெயிலில் பாக்கிப் பட்டியலை உருவாக்கி முதலாளிக்குப் பகிர்ந்திருந்தால், அவன் வேலையை விட்டுப் போய் அந்தக் கோப்பை அழித்துவிட்ட அன்று முதலாளியின் திரையில் ஒன்றும் இருக்காது.

வசதி இருந்தால் நிறுவனத்தின் பெயரில் ஒரு டொமைன் (இணைய முகவரி) வாங்கி, கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சோஹோ வொர்க்பிளேஸ் ஆகியவற்றில் ஒன்றில் ஆளுக்கு ஒரு கணக்காகச் சந்தா கட்டுங்கள். ஊழியர் விலகினால் அவருடைய கணக்கை நிர்வாகி மூடி, கோப்புகளை வேறொருவருக்கு மாற்றிவிடலாம். சோஹோ சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. எழுதுவதற்கும் அட்டவணைக்கும் கணக்கெழுதுவதற்கும் தனித்தனிச் செயலிகளை வைத்திருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்க விரும்புபவர்களுக்கு ஏற்றது. சந்தா கட்ட மனமில்லை என்றால், கடையின் பெயரிலேயே ஒரு இலவசக் கணக்கைத் தொடங்கி, முக்கியமான ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் அதிலிருந்தே உருவாக்கி, ஊழியர்களின் கணக்குகளுக்குத் திருத்தும் அனுமதி மட்டும் கொடுங்கள். கூகுளின் இலவசக் கணக்கில் மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இடம் கிடைக்கும். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் 5 ஜிபி. கடிதங்களுக்கும் அட்டவணைகளுக்கும் 15 ஜிபி தாராளம். ஸ்கேன் செய்த ஆவணங்களும் சரக்குப் படங்களும் சேரும்போதுதான் இடம் நிரம்பும். ஈராண்டு தொடர்ந்து பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்பதால், ஆவணக் காப்புக்கென்று ஒரு கணக்கைத் திறந்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

கணக்கைத் திறந்த அன்றே இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். மீட்பு மொபைல் எண்ணாக உரிமையாளரின் எண்ணையே கொடுங்கள். கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, கடையின் பத்திரங்களை வைக்கும் பீரோவிலேயே வையுங்கள். ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற பகிர்வு முறையை வாடிக்கையாளர் விவரமோ சம்பள விவரமோ உள்ள கோப்புக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பெயர் சொல்லி, மின்னஞ்சல் முகவரி கொடுத்தே பகிருங்கள்.

நான்காம் படி: பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுதல்

தமிழில் வேலை செய்யும் அலுவலகங்களுக்கு மிகுந்த பொறுமை தேவைப்படும் இடம் இது. பாமினி, வானவில், ஸ்ரீலிபி, செந்தமிழ், டாம், டாப் என்று விதவிதமான எழுத்துருக்களில் அடித்து வைத்த கடிதங்களும் பெயர்ப் பட்டியல்களும் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்க முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் தனியார் அலுவலகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. இவற்றில் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை அவை தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லாத இணையச் செயலியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, வாசிக்க முடியாமல் நிற்கும்.

மாற்றுவதற்கு விண்டோஸில் இயங்கும் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருளும், பொங்குதமிழ் போன்ற இணைய மாற்றிகளும் இருக்கின்றன. இந்த வேலையை விண்டோஸ் கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்; எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை வேர்டில் திறந்து பார்த்தால்தான் ஐயமின்றித் தெரியும். முழுக்க முழுக்கத் தமிழில் உள்ள கடிதம் என்றால் எல்லாவற்றையும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டி, வெளிவருவதை கூகுள் டாக்ஸில் ஒட்டினால் போதும்.

சிக்கல் கலப்புக் கோப்பில்தான் வருகிறது. ஒரு வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதல் பத்தியில் (நெடுவரிசையில்) கடையின் பெயர் பாமினியில், இரண்டாவதில் ஊர் பாமினியில், மூன்றாவதில் ஜிஎஸ்டி எண் ஆங்கிலத்தில், நான்காவதில் மொபைல் எண். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கி, எழுத்தும் இலக்கமும் கலந்த 15 இடங்களைக் கொண்டது. முழு அட்டவணையையும் ஒரேயடியாக மாற்றியில் போட்டால் கடையின் பெயரோடு ஜிஎஸ்டி எண்ணுக்குள் இருக்கும் ஆங்கில எழுத்துகளும் தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். இலக்கங்கள் மட்டும் அப்படியே நிற்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது சட்டென்று படாது. ஆகவே பத்தி பத்தியாக, தமிழ் உள்ள பத்திகளை மட்டும் நகலெடுத்து மாற்றி ஒட்ட வேண்டும். ஒரே கட்டத்துக்குள் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் அந்த வரிகளைத் தனியே பிரித்துக் கையால் அடித்துவிடுவதே சுருக்க வழி. மாற்றியபின் பத்தியில் எத்தனை வரிகள் இருந்தன, இப்போது எத்தனை இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள்; ஒரு வரி நழுவினாலும் ஒருவருடைய பாக்கி இன்னொருவர் பெயரில் போய் உட்காரும்.

எழுத்துரு எதுவென்றே தெரியாத கோப்பு, அல்லது அச்சுப்படி மட்டும் கையில் இருக்கும் பழைய ஒப்பந்தம் என்றால், அதை ஸ்கேன் செய்து டிரைவில் ஏற்றி, ‘கூகுள் டாக்ஸில் திற’ என்று கொடுத்தால் படத்திலுள்ள தமிழ் எழுத்துகளை அது அடையாளம் கண்டு யூனிகோடில் தரும். அச்சு தெளிவாக இருந்தால் இது வியக்கும்படி வேலை செய்கிறது. எண்களையும் பெயர்களையும் மட்டும் மூலத்தோடு ஒரு முறை ஒத்துப் பார்த்துவிட வேண்டும்.

தட்டச்சுப் பழக்கத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. குரோம் ஓஎஸ்ஸின் மொழி அமைப்பில் தமிழ்99, பழைய தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு முறை ஆகியவை உள்ளேயே வருகின்றன. தட்டச்சுப் பள்ளியில் தமிழ் லோயர், ஹையர் முடித்தவர் தமக்குப் பழகிய முறையை ஒட்டியே தொடரலாம். புதிதாகப் பழகுபவருக்கு 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையையே சொல்வேன். கூகுள் டாக்ஸில் உள்ள குரல் தட்டச்சும் தமிழைப் புரிந்துகொள்கிறது; நீண்ட கடிதத்தின் முதல் வரைவுக்கு அது போதும். எழுத்துருவுக்குக் கூகுளின் இலவசத் தொகுப்பிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், கட்டுமரத்தின் பெயரைத் தாங்கிய கேடமரான் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: எக்செல்

சாதாரண அட்டவணைகள் கூகுள் ஷீட்ஸிலும் சோஹோ ஷீட்டிலும் அப்படியே திறக்கும். முதல் வேலையாக ஷீட்ஸின் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். அப்போதுதான் தேதி நாள், மாதம், வருடம் என்ற வரிசையிலும், தொகை லட்சம், கோடிக் கணக்கில் கமா விழுந்தும் வரும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய எக்செல் கோப்புகளை மேகத்தில் ஏற்றுவதற்கு முன்பே பூட்டைத் திறந்துவிடுங்கள். ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்பின் மதிப்பை இழுக்கும் சூத்திரங்கள் அறுந்துவிடும். அவற்றைத் தேடிப் பிடித்து மறுபடி எழுத வேண்டும்.

மேக்ரோதான், அதாவது எக்செல்லுக்குள் எழுதிவைத்த தானியங்கிச் சிறு நிரல்தான், உண்மையான தடை. எக்செல் மேக்ரோக்கள் கூகுள் ஷீட்ஸில் இயங்கா. மைக்ரோசாஃப்டின் இலவச இணைய எக்செல்லிலும் இயங்கா. யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த சம்பளப் பட்டியல் மேக்ரோ ஒன்றை அலுவலகமே நம்பியிருந்தால், அதை ஒதுக்கி வைத்த விண்டோஸ் கணினியிலேயே விட்டுவிட்டு, அது செய்யும் கணக்கைச் சாதாரணச் சூத்திரங்களாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

ஆறாம் படி: கணக்கு மென்பொருள்

டாலிபிரைம் விண்டோஸில் இயங்குவது. டாலியில் ஊறிய கணக்காளரை அதிலிருந்து பிடுங்கி எடுப்பது அலுவலகத்துக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல. உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. டாலி உள்ள ஒரு கணினியை விண்டோஸாகவே விட்டுவிட்டு, தேவைப்படும்போது குரோம் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் மற்றக் கணினியிலிருந்து அதன் திரையைத் திறந்து பார்ப்பது முதல் வழி. செலவில்லாதது, ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் வேலை செய்ய முடியும். அமேசான் சர்வர்களில் இயங்கும் டாலிபிரைமை டாலி நிறுவனமே சந்தாவுக்குத் தருகிறது, வேறு பலரும் கிளவுட் டாலி விற்கிறார்கள். அது இரண்டாம் வழி. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: உலாவிக்குள்ளேயே முழுமையாக இயங்குமா, சந்தாவை நிறுத்தினால் தரவு எந்த வடிவில் கைக்கு வரும்.

சோஹோ புக்ஸ் போன்ற இணையக் கணக்குச் செயலிக்கே மாறுவது மூன்றாம் வழி. ஜிஎஸ்டி பில், இ-வே பில், வங்கி ஒப்பீடு எல்லாம் அதில் உண்டு. இதைத் தேர்ந்தெடுத்தால் ஏப்ரல் 1 அன்று மட்டுமே மாறுங்கள். நடு ஆண்டில் மாறினால் பாதி வருடக் கணக்கு ஓரிடத்திலும் மீதி வேறோரிடத்திலும் கிடந்து, ஆண்டுத் தாக்கலின்போது ஆடிட்டருக்குப் பெரும் வேலை வைக்கும். மார்ச் 31 நிலுவைகளைத் தொடக்க நிலுவையாக ஏற்றி, ஏப்ரல் மாதம் மட்டும் இரண்டிலும் எழுதி, மாதக் கடைசியில் இரண்டின் இருப்புநிலையும் ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டரையே பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய டாலித் தரவை அழித்துவிட வேண்டாம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை ஆண்டுத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு: 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் தடயத்தையும் பதிவு செய்யும் மென்பொருளில்தான் கணக்கெழுத வேண்டும், கணக்கின் பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் சேமிக்கப்பட வேண்டும். எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் இவ்விரண்டுக்கும் அது எழுத்தில் உறுதி தருகிறதா என்று கேளுங்கள்.

ஏழாம் படி: வடிவமைப்பு

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் அச்சகங்களுக்கு இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்கவில்லை. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7 பதிப்பிலும் கோரல் டிராவிலும் பல ஆண்டு வார்ப்புகளை வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸே ஏற்றது. ஆஃப்செட் அச்சுக்கான நான்கு வண்ணக் கோப்பை இலவச இணையச் செயலிகளிலிருந்து நம்பி எடுக்கவும் முடியாது. கடையின் விலைப்பட்டியல், வாட்ஸ்அப் விளம்பரம், விசிட்டிங் கார்டு மட்டும் வேண்டுமென்றால் கேன்வா போதும். போட்டோஷாப் கோப்பைத் திறந்து திருத்த வேண்டுமானால் போட்டோபியா இருக்கிறது. உலாவிக்குள் இயங்கினாலும் போட்டோபியா உங்கள் கோப்பைச் சர்வருக்கு அனுப்பாமல் கணினியிலேயே வைத்துத் திருத்துகிறது.

எட்டாம் படி: இணைப்பும் மின்சாரமும்

“நெட் போச்சுன்னா இன்னா சார் பண்றது?” என்ற கேள்வி எந்த அலுவலகத்திலும் முதலில் வரும், நியாயமான கேள்வியும்கூட. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையில் நிறுத்தும் மின்சாரம் பிற்பகலில்தான் வரும். கத்திரி வெயிலில் வேலூரில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அறிவிக்காத தடைகளும் உண்டு.

ஃபைபர் இணைப்பின் பெட்டிக்கும் வைஃபை ரவுட்டருக்கும் தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் மாட்டுங்கள். டெஸ்க்டாப்புக்கான பெரிய யுபிஎஸ்ஸில் இவற்றையும் சேர்த்து மாட்டினால் கணினி குடிக்கும் மின்சாரத்தில் சீக்கிரமே எல்லாம் அணைந்துவிடும். ஃபைபர் ஒரு நிறுவனத்திலும் மொபைல் சிம் வேறொரு நிறுவனத்திலும் இருக்கட்டும். கேபிள் அறுந்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் கடிதமும் பில்லும் தடையின்றி நடக்கும்.

இணைப்பு முற்றிலும் இல்லாத நேரத்துக்காக டிரைவின் அமைப்பில் ‘ஆஃப்லைன்’ வசதியை இயக்கி, அன்றாடம் தேவைப்படும் கோப்புகளை ‘ஆஃப்லைனில் கிடைக்கும்’ என்று ஒவ்வொன்றாகக் குறித்துவையுங்கள். இணைப்பு இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். பிறகு மோடத்தை அணைத்துவிட்டு, ஒரு பில்லைத் திருத்திப் பார்த்து, இணைப்பு வந்ததும் அந்தத் திருத்தம் மற்றக் கணினியில் தெரிகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸை ஏற்றுதல்

இவ்வளவும் முடிந்து, ஒரு மாதம் முழுக்க உலாவிக்குள்ளேயே வேலை நடந்த பிறகு இதற்கு வாருங்கள். கூகுள் 2022-இல் வெளியிட்ட இந்த இயங்குதளத்துக்கு 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர், 4 ஜிபி ரேம், 16 ஜிபி சேமிப்பிடம், பென் டிரைவிலிருந்து தொடங்கும் வசதி ஆகியவை வேண்டும். 2010-க்கு முந்தைய பிராசசர்களில் ஒழுங்காக ஓடாது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய அரசு மடிக்கணினியைப் பயன்படுத்த நினைத்தால் அதன் ரேம் அளவை முதலில் பாருங்கள். 2 ஜிபி என்றால் போதாது. உங்கள் கணினியின் மாடல் கூகுளின் சான்றளித்த பட்டியலில் உள்ளதா, அதற்கு எந்த ஆண்டு வரை ஆதரவு என்பதையும் அந்தப் பட்டியலிலேயே காணலாம்.

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளவை அழிந்துவிடும். குரோம் உலாவியில் ‘குரோம்புக் ரெக்கவரி யுடிலிட்டி’ என்ற நீட்சியைச் சேர்த்து, மாடல் பட்டியலில் ‘குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பென் டிரைவில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிந்ததும் மாற்ற வேண்டிய கணினியில் அதைச் செருகி, இயக்கும்போதே பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டிக்கொண்டிருங்கள். டெல், லெனோவோ கணினிகளில் அது பெரும்பாலும் எஃப் 12. எச்பியில் எஃப் 9.

திரையில் இரண்டு தேர்வுகள் வரும். நிறுவுவதைத் தேர்ந்தெடுக்காமல், முதலில் முயன்று பார்க்கும் தேர்வையே எடுங்கள். பென் டிரைவிலிருந்தே அது ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. ஓரிரு நாள் இப்படியே வேலை செய்து வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர், தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றைப் பாருங்கள். கணினி உறங்கி மறுபடி எழுகிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் அதிகம் தகராறு செய்வது அதுதான். சிடி டிரைவும் கைரேகை வாசிப்பானும் இதில் வேலை செய்யா.

நிறுவும்போது வட்டு முழுவதும் அழிக்கப்படும். விண்டோஸோடு சேர்த்து இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளும் வழியை இந்த இயங்குதளம் தருவதில்லை. அதனால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் நிறுவாமல், அதைக் கழற்றி எடுத்துவிட்டு, 128 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வட்டு) ஒன்றை மாட்டி அதில் நிறுவுங்கள். எஸ்எஸ்டியின் வேகம் பழைய கணினிக்குப் புது உயிர் கொடுக்கும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருப்பதால், ஏதாவது தேவைப்பட்டால் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். அதன்மேல் கணினியின் பெயரையும் கழற்றிய தேதியையும் எழுதி ஒட்டி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

பத்தாம் படி: பேக்கப்

மேகத்தில் இருப்பதாலேயே கோப்புக்குப் பேக்கப் இருக்கிறது என்று ஆகாது. ஒருவர் தவறுதலாக அழித்தால் எல்லாக் கணினியிலும் அது மறையும். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருந்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடும். காலாண்டுக்கு ஒருமுறை, ஜிஎஸ்டி வேலை ஓய்ந்த நாளில், கூகுள் டேக்அவுட் மூலம் கணக்கிலுள்ள அனைத்தையும் தரவிறக்கி ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். சோஹோவிலும் மைக்ரோசாஃப்டிலும் இதற்கான ஏற்றுமதி வசதிகள் உண்டு. தரவிறக்கிய கோப்பைத் திறந்து, அந்தக் காலாண்டின் கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஹார்ட் டிஸ்க்கைப் பீரோவில் வையுங்கள். முடிந்தால் அது கடையில் இல்லாமல் வீட்டில் இருக்கட்டும்.